வாக்கிங் போனதற்கு 200 பவுண்டு அபராதம்! ஊரடங்கில் இங்கிலாந்தைப் பிரித்த ஒரு கேள்வி

2021 ஜனவரி 6, புதன்கிழமை. இங்கிலாந்தில் மூன்றாவது ஊரடங்கு தொடங்கியிருந்த நேரம். டெர்பிஷயர் பகுதியில் உள்ள ஃபோர்மார்க் நீர்த்தேக்கத்துக்கு இரண்டு தோழிகள் நடக்க வந்தார்கள். இருவரும் ஒரே காரில் வரவில்லை, தனித்தனி காரில்தான் வந்தார்கள். வீட்டிலிருந்து சுமார் 5 மைல், அதாவது 8 கிலோமீட்டர் தூரம். ஆளுக்கொரு கப் சூடான பானம் கையில் இருந்தது.

காரைவிட்டு இறங்கியதுமே போலீஸார் அவர்களை நிறுத்தினார்கள். உள்ளூரைத் தாண்டி வந்தது தவறு என்றார்கள். கையில் இருந்த கப்பைக் காட்டி, இது 'பிக்னிக்' கணக்கில் வரும் என்றார்கள். இருவருக்கும் தலா 200 பவுண்டு அபராதம். அன்றைய மதிப்பில் கிட்டத்தட்ட 20,000 ரூபாய்!

செய்தி வெளியானதும் நாடே இரண்டு கட்சியாகப் பிரிந்தது. 'ஆஸ்பத்திரியில் படுக்கை இல்லாமல் மக்கள் தவிக்கும்போது இவர்களுக்கு ஊர் சுற்றல் தேவையா?' என்றது ஒரு கட்சி. 'திறந்தவெளியில் இரண்டு பேர் இடைவெளிவிட்டு நடந்தால் யாருக்கு என்ன கெடுதல்?' என்றது இன்னொரு கட்சி.

இதில் வேடிக்கை என்னவென்றால், எத்தனை மைல் தாண்டக் கூடாது என்று அன்றைய சட்டத்தில் எந்த இடத்திலும் சொல்லப்படவில்லை. வேறு வீட்டைச் சேர்ந்த ஒருவருடன் பொது இடத்தில் சேர்ந்து உடற்பயிற்சி செய்யவும் அனுமதி இருந்தது. அப்படியானால் அபராதம் எதற்கு? இதற்கு விடை தெரிய, கதையின் ஆரம்பத்துக்குப் போக வேண்டும்.

'ஒரு நாளைக்கு ஒரு தடவை' - சொன்னது யார்?

2020 மார்ச் 21, 22. இங்கிலாந்தில் பப், ஹோட்டல், பள்ளிக்கூடம் எல்லாம் மூடப்பட்ட பிறகு வந்த முதல் வார இறுதி. நல்ல வெயில். வேறு போக்கிடம் இல்லாத மக்கள் மலைகளுக்கும் கடற்கரைகளுக்கும் கிளம்பிவிட்டார்கள். வேல்ஸில் உள்ள ஸ்னோடோனியா தேசியப் பூங்காவில் கார்கள் வரிசைகட்டி நின்றன. நினைவு தெரிந்து இப்படி ஒரு கூட்டத்தைப் பார்த்ததில்லை என்று பூங்கா நிர்வாகமே அலறியது.

மறுநாள், மார்ச் 23 இரவு, பிரதமர் போரிஸ் ஜான்சன் டி.வி-யில் தோன்றினார். எல்லோரும் வீட்டிலேயே இருக்க வேண்டும் என்று அறிவித்தார். வெளியே போகச் சில காரணங்களை மட்டும் அனுமதித்தார். அதில் ஒன்று, ஒரு நாளைக்கு ஒரு தடவை உடற்பயிற்சி. நடக்கலாம், ஓடலாம், சைக்கிள் ஓட்டலாம். தனியாகப் போகலாம், இல்லையென்றால் ஒரே வீட்டில் வசிப்பவர்களோடு போகலாம்.

மூன்று நாள் கழித்து, மார்ச் 26-ல் இங்கிலாந்துக்கான சட்ட விதிகள் அமலுக்கு வந்தன. தக்க காரணமில்லாமல் யாரும் வீட்டைவிட்டு வெளியேறக் கூடாது என்றன அந்த விதிகள். தக்க காரணங்களின் பட்டியலில் உடற்பயிற்சியும் இருந்தது. ஆனால், 'ஒரு தடவை' என்ற வார்த்தை அதில் இல்லை! எத்தனை நிமிடம், எவ்வளவு தூரம் என்பதும் இல்லை.

பக்கத்திலேயே இருக்கும் வேல்ஸில் நிலைமை வேறு. அங்கே சட்டத்திலேயே 'ஒரு நாளைக்கு ஒரு தடவைக்கு மேல் கூடாது' என்று எழுதிவிட்டார்கள். ஆக, இரண்டாவது தடவை வாக்கிங் போவது எல்லைக்கு அந்தப் பக்கம் சட்டமீறல். இந்தப் பக்கம், பிரதமர் சொன்ன அறிவுரையை மதிக்காத செயல் மட்டுமே.

குழப்பம் இதோடு நிற்கவில்லை. எவ்வளவு நேரம் நடக்கலாம் என்ற கேள்வி மார்ச் 29-ம் தேதி டி.வி பேட்டி ஒன்றில் அமைச்சர் மைக்கேல் கோவ் முன் வைக்கப்பட்டது. பெரும்பாலானவர்களுக்கு ஒரு மணி நேர நடையோ, அரை மணி நேர ஓட்டமோ, இரண்டுக்கும் இடைப்பட்ட நேரம் சைக்கிளோ போதும் என்பது தன் எண்ணம் என்றார் அவர். அது அவருடைய கருத்துதான். ஆனால், கேட்டவர்கள் பலர் அதையும் ஒரு விதியாகவே மனதில் பதித்துக்கொண்டார்கள்.

விளைவு? பக்கத்து வீட்டுக்காரர் இரண்டாவது தடவையாக ஓடப் போகிறார், வந்து கைது செய்யுங்கள் என்கிற அளவுக்கு போலீஸுக்கு போன் வருவதாக நார்தாம்ப்டன்ஷயர் காவல்துறைத் தலைவர் சொன்னார். அதுவும் ஊரடங்கு தொடங்கிய அந்த முதல் வாரத்திலேயே!

தலைக்கு மேலே ட்ரோன்

இந்தச் சண்டையில் அதிகம் அடிபட்ட பெயர் டெர்பிஷயர் காவல்துறை. பீக் டிஸ்ட்ரிக்ட் என்ற அழகான மலைப்பகுதி அவர்களின் எல்லைக்குள் வருகிறது. 2020 மார்ச் கடைசியில், அங்குள்ள கர்பர் எட்ஜ் என்ற இடத்தில் நடந்துகொண்டிருந்தவர்களை ட்ரோன் மூலம் படம்பிடித்து, அந்த வீடியோவை சமூக வலைதளத்தில் வெளியிட்டார்கள். நாயோடு நடந்தவர்கள், செல்ஃபி எடுத்தவர்கள் எல்லோரும் அதில் இருந்தார்கள். 'இது அத்தியாவசியம் இல்லை' என்று கீழே எழுத்து ஓடியது. நிறுத்தியிருந்த கார்களின் நம்பரை வைத்து, பக்கத்து நகரமான ஷெஃபீல்டிலிருந்து வந்தவர்கள் என்பதையும் கண்டுபிடித்திருந்தார்கள்.

அதே நாள்களில், பக்ஸ்டன் ஊருக்கு அருகே உள்ள பழைய கல்குவாரிக் குட்டையில் கறுப்புச் சாயத்தைக் கலந்தார்கள். நீல நிறத்தில் மின்னும் அந்தத் தண்ணீரைப் பார்க்க மக்கள் கூடுவதைத் தடுக்கத்தான் இந்த ஏற்பாடு.

முன்னாள் உச்ச நீதிமன்ற நீதிபதி ஜொனாதன் சம்ப்ஷன் பி.பி.சி வானொலியில் கடுமையாகக் கண்டித்தார். சட்டத்தில் இல்லாத, அமைச்சர்களின் விருப்பங்களை நடைமுறைப்படுத்துவது போலீஸின் வேலை இல்லை. அப்படிச் செய்தால் அது போலீஸ் ராஜ்யம் ஆகிவிடும் என்பது அவர் வாதத்தின் சாரம்.

சரி, போலீஸ் பக்கம் நியாயமே இல்லையா? இருந்தது. மலை கிராமங்களில் இருப்பவை சின்னச் சின்ன மருத்துவமனைகள். வயதானவர்களும் அதிகம். நகரத்திலிருந்து காரில் வருபவர்கள் நோயைக் கொண்டுவந்துவிடுவார்களோ என்று கிராம மக்கள் பயந்தார்கள். மலையில் ஒருவர் கால் தவறி விழுந்தால், பத்துப் பதினைந்து தன்னார்வலர்கள் ஒன்றுசேர்ந்து தூக்கி வர வேண்டும். அத்தனை பேருக்கும் அது ஆபத்து. ஸ்னோடோனியா கூட்டத்தைப் பார்த்த பிறகு அந்தப் பயத்தை வெறும் பயம் என்று ஒதுக்கிவிடவும் முடியாது.

தோட்டம் உள்ளவர்கள், இல்லாதவர்கள்

கிராமத்தில் மலைப்பாதை பிரச்னை என்றால், லண்டனில் பூங்கா பிரச்னை.

2020 ஏப்ரல் 4, சனிக்கிழமை. தெற்கு லண்டனில் உள்ள ப்ராக்வெல் பார்க்கில் அன்று 3,000-க்கும் மேற்பட்டவர்கள் வந்திருந்ததாக லாம்பெத் நகராட்சி சொன்னது. பலர் புல்வெளியில் படுத்து வெயில் காய்ந்தார்களாம். மறுநாள் பூங்காவைப் பூட்டிவிட்டார்கள். கிழக்கு லண்டனில் இருக்கும் விக்டோரியா பார்க் மார்ச் மாதமே மூடப்பட்டு, ஏப்ரல் 11-ல்தான் திறந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை சுகாதார அமைச்சர் மாட் ஹான்காக் எச்சரித்தார். வெயில் காய்வது விதிமீறல். மக்கள் கேட்காவிட்டால் வெளியே உடற்பயிற்சி செய்யும் அனுமதியையே எடுத்துவிட நேரும் என்றார். சிலர் செய்த தவறுக்கு எல்லோருக்கும் தண்டனையா என்ற கேள்வி உடனே எழுந்தது.

இங்கே ஒரு புள்ளிவிவரத்தைப் பார்க்க வேண்டும். பிரிட்டனின் தேசியப் புள்ளியியல் அலுவலகம் 2020 மே மாதம் வெளியிட்டது. பிரிட்டனில் எட்டில் ஒரு வீட்டுக்குத் தோட்டம் கிடையாது. லண்டனில் ஐந்தில் ஒரு வீட்டுக்கு இல்லை. இங்கிலாந்தில் கறுப்பின மக்களில் 37 சதவிகிதம் பேருக்கு வீட்டோடு சேர்ந்த திறந்தவெளி எதுவுமே இல்லை. வெள்ளையர்களில் இது 10 சதவிகிதம்தான்.

அதாவது, 'வீட்டிலேயே இருங்கள்' என்பது எல்லோருக்கும் ஒரே கட்டளை. ஆனால், எல்லோருக்கும் ஒரே வீடு இல்லை. கொல்லைப்புறத்தில் நாற்காலி போட்டு வெயில் காய்பவரை யாரும் கேட்கப் போவதில்லை. எட்டாவது மாடியில் ஒற்றை அறையில் இரண்டு குழந்தைகளோடு இருப்பவர் பார்க் பெஞ்சில் உட்கார்ந்தால் அது குற்றம். பூங்காக்கள் திறந்திருக்க வேண்டும் என்று ஏப்ரல் 18-ம் தேதி அமைச்சர் ராபர்ட் ஜென்ரிக் சொன்னபோது, தோட்டம் இல்லாதவர்களின் கஷ்டத்தையும் குறிப்பிட்டார்.

பெஞ்சில் எவ்வளவு நேரம் உட்காரலாம்?

போலீஸ்காரர்களுக்கும் குழப்பம்தான். யாரைப் பிடிப்பது, யாரை விடுவது? 2020 ஏப்ரல் நடுவில் அவர்களுக்காக ஒரு வழிகாட்டிப் பட்டியல் வந்தது. அரசு வழக்கறிஞர்கள் சட்டத்தைப் படித்துச் சொன்ன விளக்கத்தின் அடிப்படையில் தயாரானது அது. அதிலிருந்து சில:

• கிராமப்புறத்துக்கு காரில் போய் நடக்கலாம். ஆனால், கார் ஓட்டும் நேரத்தைவிட நடக்கும் நேரம் கணிசமாக அதிகம் இருக்க வேண்டும்.

• நீண்ட நடையின் நடுவே நின்று ஓய்வெடுக்கலாம், மதியச் சாப்பாடு சாப்பிடலாம்.

• கொஞ்ச தூரம் நடந்து பார்க் பெஞ்சுக்குப் போய், அங்கேயே ரொம்ப நேரம் உட்கார்ந்திருப்பதை உடற்பயிற்சி என்று சொல்ல முடியாது.

• காரில் நீண்ட தூரம் போய், கொஞ்ச நேரம் மட்டும் நடப்பதும் சரியான காரணம் ஆகாது.

சட்டத்தை நேராகப் படித்தால், மலைக்கு காரில் போய் நடப்பதிலேயே தவறில்லை என்று ஆகிவிட்டது. மூன்று வாரத்துக்கு முன்பு ட்ரோன் பறந்ததை நினைத்துப் பார்த்தவர்களுக்கு எரிச்சல் வராமல் இருக்குமா? இன்னொரு பக்கம், இந்தப் பட்டியலே அடுத்த சண்டைக்கு வழிவகுத்தது. மூட்டுவலியுள்ள ஒருவர் பத்து நிமிடம் நடந்துவிட்டு இருபது நிமிடம் உட்கார வேண்டியிருக்கும். அவரை என்ன செய்வது? கடைசியில் முடிவு, அந்த நேரத்தில் அங்கே நிற்கும் போலீஸ்காரரின் கையில்தான்.

இரண்டு குடும்பங்கள் மாற்றிய விதி

இந்த வாதங்களுக்கு நடுவே, அதிகம் பேசப்படாத ஒரு போராட்டம் நடந்தது. ஆட்டிசம் உள்ள குழந்தைகளைக் கொண்ட இரண்டு குடும்பங்கள் வழக்கறிஞர்கள் மூலம் அரசுக்குக் கடிதம் அனுப்பின.

ஆட்டிசம் உள்ள சில குழந்தைகளுக்கு, தினமும் பழகிய இடத்தில், பழகிய நேரத்தில் நடப்பது பொழுதுபோக்கு அல்ல. மருந்து மாதிரி. அது தடைபட்டால் பதற்றம் கூடும். சிலர் தங்களையே காயப்படுத்திக்கொள்வார்கள். ஒரு நாளைக்கு ஒரு தடவை மட்டும், அதுவும் வீட்டுக்குப் பக்கத்திலேயே என்ற அறிவுரை இந்தக் குழந்தைகளுக்குப் பாகுபாடு காட்டுகிறது என்பது அவர்கள் வாதம்.

ஏப்ரல் 8-ம் தேதி அரசு தன் வழிகாட்டுதலை மாற்றியது. உடல்நலக் காரணத்துக்காகத் தேவைப்படுபவர்கள் ஒரு நாளைக்கு இரண்டு, மூன்று தடவைகூட வெளியே போகலாம். தேவையென்றால் உள்ளூரைத் தாண்டியும் போகலாம். கற்றல் குறைபாடு, ஆட்டிசம் உள்ளவர்களை உதாரணமாகவே சொல்லியிருந்தது அந்தத் திருத்தம்.

காகிதத்தில் விதி மாறிவிட்டது. ஆனால், தெருவில் பார்ப்பவர்களுக்கு அந்தக் குழந்தையின் நிலை எப்படித் தெரியும்? மூன்றாவது தடவையாகப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போகும் ஓர் அம்மாவை ஜன்னல் வழியாகப் பார்ப்பவர்களுக்கு அவர் விதியை மீறுபவராக மட்டும்தான் தெரிவார். பக்கத்து வீட்டுக்காரர் மேல் புகார் கொடுப்பதில் உள்ள ஆபத்து இதுதான்.

ஓடுபவர் மேல் ஏன் கோபம்?

வெளியே வந்தவர்களுக்குள்ளும் சண்டை. குறிப்பாக, நடப்பவர்களுக்கும் ஓடுபவர்களுக்கும் ஆகவில்லை. குறுகலான நடைபாதையில் மூச்சிரைக்க உரசிக்கொண்டு ஓடுபவரைப் பார்த்து வயதானவர்கள் பயந்தார்கள்.

2020 ஏப்ரலில் பெல்ஜியம், நெதர்லாந்து பொறியியல் ஆய்வாளர்கள் ஒரு கம்ப்யூட்டர் மாதிரியை வெளியிட்டார்கள். ஓடுபவரின் மூச்சுத் துளிகள் அவருக்குப் பின்னால் காற்றில் எப்படிப் பரவும் என்பதை அது காட்டியது. ஓடுபவர்களின் பின்னால் வருபவர் 10 மீட்டராவது தள்ளி வர வேண்டும் என்ற பரிந்துரையும் இருந்தது. மற்ற விஞ்ஞானிகள் சரிபார்ப்பதற்கு முன்பே அந்தப் படம் உலகம் முழுக்க வாட்ஸ்அப்பில் சுற்றியது. துளிகள் காற்றில் நகர்வதை மட்டும்தான் அந்த ஆய்வு பார்த்தது. அதனால் நோய் தொற்றுமா என்பதை அது ஆராயவே இல்லை.

அதே ஏப்ரலில் சீனாவிலிருந்து வேறொரு ஆய்வு வந்தது. தொற்றிய விதம் பற்றிப் போதிய தகவல் கிடைத்த 7,324 நோயாளிகளை அது அலசியது. அதில் திறந்தவெளியில் பரவியதாகத் தெரிந்தது ஒரே ஒரு சம்பவம்தான். இரண்டு பேர் வெளியே நின்று பேசிக்கொண்டிருந்ததில் நடந்தது அது. பிறகு, பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த இன்னொரு அறிக்கை, மொத்தத் தொற்றில் திறந்தவெளியில் நடந்தது 10 சதவிகிதத்துக்கும் குறைவு என்றது. மூடிய அறைக்குள் தொற்றும் வாய்ப்பு சுமார் 19 மடங்கு அதிகம் என்றும் கணக்கிட்டது.

அதற்காக வெளியே ஆபத்தே இல்லை என்று அர்த்தமில்லை. நெருக்கியடித்து நின்று மணிக்கணக்கில் பேசினால் வெளியிலும் தொற்றும். 2020 மார்ச்சில் இந்த விவரங்கள் எதுவும் யாருக்கும் தெரியாது என்பதையும் மறக்கக் கூடாது. ஆனால், விவரம் தெரிந்த பிறகும் விதிகள் மாற ரொம்ப நாள் ஆனதுதான் பலரைக் கோபப்படுத்தியது.

பிரான்ஸில் 1 கிலோமீட்டர்... ஸ்பெயினில் அதுவும் இல்லை!

இங்கிலாந்துக்காரர்கள் விதி தெளிவாக இல்லை என்று புலம்பினார்கள். பக்கத்து நாடான பிரான்ஸில் விதி படு தெளிவு. 2020 மார்ச் 24-லிருந்து, வீட்டிலிருந்து 1 கிலோமீட்டருக்குள், ஒரு நாளைக்கு 1 மணி நேரம் மட்டும். கிளம்பும் நேரத்தை ஒரு படிவத்தில் எழுதிக் கையெழுத்திட்டு, கையோடு எடுத்துப் போக வேண்டும். தவறினால் 135 யூரோ அபராதம். பாரிஸில் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். ஏப்ரல் 8-லிருந்து காலை 10 மணி முதல் மாலை 7 மணி வரை ஓடுவதற்கே தடை! துலூஸ் நகருக்கு அருகே ஒருவர் தன் வீட்டின் 7 மீட்டர் பால்கனியிலேயே முன்னும் பின்னுமாக ஓடி மாரத்தான் தூரத்தை முடித்தார்.

இவ்வளவு தெளிவான விதியிலும் சண்டை வந்தது. சைக்கிள் ஓட்டியவர்களுக்கு போலீஸார் அபராதம் போட்டார்கள். சைக்கிள் பயணிகளின் கூட்டமைப்பு, அந்நாட்டின் உயர் நிர்வாக நீதிமன்றத்துக்குப் போனது. அனுமதிக்கப்பட்ட எந்தக் காரணத்துக்கும் சைக்கிளில் போகலாம் என்பதை 24 மணி நேரத்துக்குள் மக்களுக்குத் தெரிவிக்கும்படி ஏப்ரல் 30-ல் நீதிமன்றம் பிரதமருக்கு உத்தரவிட்டது.

ஸ்பெயினில் கதை இன்னும் கடுமை. அங்கே மார்ச் 14-லிருந்து மே 2 வரை உடற்பயிற்சிக்காக வெளியே போகவே கூடாது. நாயை மட்டும் கூட்டிப்போகலாம். பொம்மை நாயைக் கயிற்றில் கட்டி இழுத்துக்கொண்டு போன ஒருவரை போலீஸார் தடுத்த வீடியோ பிரபலமானது.

சிரிப்புக்குப் பின்னால் பெரிய வலி இருந்தது. நாய்க்குக் கிடைத்த காற்று, குழந்தைகளுக்குக் கிடைக்கவில்லை. ஆறு வாரம் அவர்கள் வீட்டுக்குள்ளேயே அடைந்து கிடந்தார்கள். பார்சிலோனா மேயர் அடா கொலாவ் உட்படப் பலர் குழந்தைகளை வெளியே விடுங்கள் என்று கெஞ்சினார்கள். பெற்றோருடன் சூப்பர் மார்க்கெட்டுக்கு மட்டும் வரலாம் என்று ஏப்ரல் 21-ல் அரசு அறிவித்தது. நோய் பரவ அதிக வாய்ப்புள்ள கடைக்குள் அனுமதி, திறந்தவெளியில் அனுமதி இல்லையா என்று மக்கள் கொதித்தார்கள். அன்றைக்கே அரசு பின்வாங்கியது. ஏப்ரல் 26 முதல் குழந்தைகள் தினமும் 1 மணி நேரம் வெளியே வந்தார்கள்.

2021 ஜூலையில், வீட்டில் அடைத்த அந்த உத்தரவு அரசியல் சாசனத்துக்கு முரணானது என்று ஸ்பெயின் அரசியல் சாசன நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆறு நீதிபதிகள் ஒரு பக்கம், ஐந்து பேர் மறுபக்கம். நீதிபதிகளுக்குள்ளேயே அவ்வளவு நெருக்கமான கருத்து வேறுபாடு!

இந்தியாவில் 2020 மார்ச் 25-ல் தொடங்கிய ஊரடங்கிலும் உடற்பயிற்சிக்கென்று தனி விதிவிலக்கு கிடையாது. சென்னை மெரினா கடற்கரை பொதுமக்களுக்கு மீண்டும் திறக்கப்பட்டது அந்த ஆண்டு டிசம்பர் 14-ல்தான்.

ஊருக்குத்தான் உபதேசமா?

கடுமையான விதியைக்கூட மக்கள் பொறுத்துக்கொள்வார்கள். விதி போட்டவரே மீறினால்?

ஸ்காட்லாந்தின் தலைமை மருத்துவ அதிகாரி கேத்தரின் கால்டர்வுட். வீட்டிலேயே இருங்கள் என்ற அரசு விளம்பரத்தில் தோன்றியவரே அவர்தான். ஊரடங்கின்போது கடலோரத்தில் இருக்கும் தன் இரண்டாவது வீட்டுக்குப் போய்விட்டு, அங்கே குடும்பத்தோடு நடந்தது படமாக வெளியானது. முதல் தடவை இல்லை, இரண்டாவது தடவை என்பதும் தெரியவந்தது. 2020 ஏப்ரல் 5-ல் பதவி விலகினார்.

அடுத்து, பிரதமரின் தலைமை ஆலோசகர் டொமினிக் கம்மிங்ஸ். ஊரடங்கில் லண்டனிலிருந்து டர்ஹாம் வரை காரில் போனவர், ஏப்ரல் 12-ம் தேதி அங்கிருந்து சுமார் 30 மைல் தள்ளியுள்ள பர்னார்ட் காசில் என்ற ஊருக்கும் போய் வந்தார். கண்பார்வை சரியாக இருக்கிறதா என்று சோதித்துப் பார்க்கவே காரை ஓட்டியதாக அவர் சொன்ன விளக்கம் நாடு முழுக்கச் சிரிப்பாய்ச் சிரித்தது. ஆனால், அவர் பதவி விலகவில்லை. பெஞ்சில் உட்கார்ந்ததற்காகத் திட்டு வாங்கியவர்கள் இதை எப்படி எடுத்துக்கொண்டிருப்பார்கள் என்பதைச் சொல்லவே வேண்டாம்.

பிறகு, 2021 ஜனவரி 10. இரண்டு தோழிகளின் அபராதச் செய்தி சூடாக ஓடிக்கொண்டிருந்த அதே நேரம், பிரதமர் போரிஸ் ஜான்சன் லண்டன் ஒலிம்பிக் பார்க்கில் சைக்கிள் ஓட்டினார். அவருடைய இல்லத்திலிருந்து அது சுமார் 7 மைல்! தோழிகள் போனது 5 மைல்தானே?

பிரதமர் விதியை மீறவில்லை என்றது அவருடைய அலுவலகம். அது சட்டத்துக்கு எதிரானது இல்லை என்று லண்டன் காவல்துறைத் தலைவர் கிரெசிடா டிக்கும் சொன்னார். அவர் சொன்னது உண்மை. உள்ளூரைத் தாண்டக் கூடாது என்பது அரசின் அறிவுரையில்தான் இருந்தது. உள்ளூர் என்றால் எது என்று சட்டம் சொல்லவில்லை. அப்படியானால், பிரதமருக்குப் பொருந்திய அதே நியாயம் அந்தத் தோழிகளுக்கும் பொருந்த வேண்டும் இல்லையா?

கடைசியில் என்ன ஆனது?

பொருந்தியது. அறிவுரை வேறு, சட்டம் வேறு. அறிவுரையை மீறியதற்காக அபராதம் போட முடியாது என்று காவல்துறைத் தலைவர்களின் கவுன்சில் தெளிவுபடுத்தியது. ஜனவரி 11-ம் தேதி டெர்பிஷயர் காவல்துறை இரண்டு அபராதங்களையும் ரத்து செய்து, தோழிகளிடம் மன்னிப்பும் கேட்டது.

அந்த நாள்களில் பிரிட்டனில் தினமும் ஆயிரம் பேருக்கு மேல் கொரோனாவுக்கு இறந்துகொண்டிருந்தார்கள். ஆகவே, கொஞ்சம் பொறுப்பாக இருங்கள் என்று கேட்டவர்களைக் குறைசொல்ல முடியாது. அதேபோல, நான்கு சுவருக்குள் மூச்சு முட்டிப்போய் அரை மணி நேரம் நடக்க நினைத்தவர்களையும் குற்றவாளியாகப் பார்க்க முடியாது. இரண்டு பக்கமும் பயத்தில்தான் பேசினார்கள். ஒருவருக்கு நோய் பயம், இன்னொருவருக்குத் தனிமை பயம்.

அவர்களை மோதவிட்டது, சட்டத்துக்கும் அறிவுரைக்கும் நடுவே விழுந்த இடைவெளி. எது கட்டாயம், எது வேண்டுகோள் என்பதைப் பிரித்துச் சொல்லியிருந்தால் பாதிச் சண்டை வந்திருக்காது. 'இது சட்டம், மீறினால் அபராதம். இது வேண்டுகோள், உங்கள் மனசாட்சிக்கு விடுகிறோம். காரணம் இது' என்று சொன்னால் மக்களுக்குப் புரியாதா என்ன? கூடவே, தோட்டம் இல்லாத வீட்டையும், ஆட்டிசம் உள்ள குழந்தையையும் விதி எழுதும்போதே நினைத்துப் பார்த்திருக்க வேண்டும். வக்கீல் கடிதம் வந்த பிறகு நினைத்துப் பார்ப்பது தாமதம்.

அடுத்த தொற்றுநோய் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. வந்தால், அப்போதும் யாரோ ஒருவர் இரண்டாவது தடவையாக வாசலைத் தாண்டுவார். போனை எடுத்துப் புகார் சொல்வதற்கு முன், அந்த வீட்டுக்குள் என்ன கஷ்டமோ என்று ஒரு நிமிடம் யோசிக்கலாம். முடிந்தால், கதவுக்கு வெளியே நின்றே நலம் விசாரிக்கலாம்.

2021 மார்ச் 8-ம் தேதி இங்கிலாந்தில் விதிகள் தளர்ந்தன. வேறு வீட்டைச் சேர்ந்த ஒருவரோடு வெளியே உட்கார்ந்து காபி குடிக்கலாம், பிக்னிக்கும் வைத்துக்கொள்ளலாம் என்று அரசே சொன்னது. இரண்டு தோழிகள் கையில் கப்போடு நின்ற அந்த ஜனவரி புதன்கிழமைக்குப் பிறகு, சுமார் இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது.